அறுபத்தைந்து அங்குலத்தில் உன் முகம்

அன்புள்ள பட்டாணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, அத்தை, நான் மூவரும் நலம். நீயும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இந்த முறை அதைக் கேள்வியாகத்தான் எழுத முடிகிறது. போனில் கேட்டால் "சிக்னல் சரியில்லம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

முதலில் நீ அனுப்பிய டிவி. அறுபத்தைந்து அங்குலம். நம் முன்னறை எவ்வளவு சின்னது என்று உனக்கு மறந்துவிட்டதா? சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டினால் திரையில் இடிக்கிறது. அப்பாவுக்கோ உன்னைப் பெரிதாகப் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உன் வீடியோ காலை அதில்தான் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். போட்டால் உன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, மூக்கு எங்கே முடிகிறது கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. அத்தை கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "ஏன்டா, புள்ள மூஞ்சிய யாரோ தண்ணி தொட்டு அழிச்ச மாதிரி இருக்கே" என்றார். டிவியில்தான் கோளாறு என்று அப்பா மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் ஒரு கடல் படத்தை ஓட்டினார், மீனின் செதில் ஒவ்வொன்றும் தெரிந்தது. "டிவியில ஒரு குறையும் இல்ல சார். உங்க பொண்ணுகிட்டேருந்து வர்ற படம்தான் இத்தனூண்டு. அதைப் போய் இவ்ளோ பெருசா விரிச்சா என்ன ஆகும்? கொஞ்சம் தள்ளி உக்காந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதுதான் தாமதம், அப்பா சோபாவை நகர்த்திச் சமையலறைக் கதவோடு ஒட்டிவிட்டார். மூன்று வாரமாக நான் பக்கவாட்டில் நுழைந்துதான் சமைக்கப் போகிறேன். கேட்டால் "உனக்குப் பொண்ணு முக்கியமா, கதவு முக்கியமா" என்கிறார். இந்த மனிதரோடு என்னத்தைப் பேசுவது.

மெக்கானிக் சொன்னது எனக்குப் புதிதல்ல. பதினெட்டு வருஷமாக அச்சகத்தில் அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன். போனில் பளிச்சென்று இருக்கும் படத்தைக் கொண்டு வந்து பத்தடி பேனர் கேட்பார்கள். இருக்கிற புள்ளிகள் அவ்வளவுதான், உள்ளங்கையளவில் நெருங்கி நிற்கும், பத்தடியில் சிதறிப் போகும். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் சமாளிக்கலாம், கிட்டே வந்தால் வண்டவாளம் தெரிந்துவிடும் என்பேன். இவ்வளவு பேசுகிற நானே இத்தனை நாளும் உன்னைப் போனில் பார்த்துவிட்டு, பிள்ளை பளிச்சென்று இருக்கிறாள் என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அந்த எரிச்சல்தான் டிவி மேலும் சோபா மேலும் பாய்கிறது.

சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும், சாட்டில் போட்டால் சுருங்கிவிடும், அசல் ஃபைலை மெயிலில் அனுப்பு என்று கேட்டேன். போன வாரம் எடுத்தது என்று அனுப்பினாய். அலுவலக மானிட்டரில் திறந்து, எல்லாப் படத்துக்கும் செய்வதுபோலப் படத்தில் விழுந்திருக்கும் தூசிப் புள்ளிகளை அழிப்பதற்காக முழு அளவுக்குப் பெரிதாக்கி, மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே வந்தேன். இடது புருவத்தில் கை நின்றுவிட்டது. புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நெற்றிக்கு ஏறும் தழும்பு, இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். எண்ணினேன், ஏழு தையல். மேலே பவுடர், அதற்கும் மேலே புதிதாக இறக்கி வெட்டிய முடி. இரண்டு மாதமாக நீ ஏன் கேமராவை விட்டு நாலடி தள்ளி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. எங்கே விழுந்தாய்? விழுந்ததுதானா? யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது? ஏழு தையல் போடும்போது பிடித்துக்கொள்ள ஒரு கையாவது இருந்ததா? அம்மா கவலைப்படுவாள் என்று மறைத்தாயாக்கும். இப்போது மட்டும் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேனாம்?

ஊரார் முகத்துப் பருவையும் வடுவையும் ஒரு நிமிடத்தில் அழிக்கிறவள் நான். உன் படத்தில் அது முடியவில்லை. அழிக்காமல், போஸ்ட்கார்டு அளவில் மட்டும் அச்சடித்து வீட்டுக்குக் கொண்டு போனேன். அந்த அளவில் ஒன்றும் தெரியாது. அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ தெளிவா இருக்கா பாரு. ஆமா, ஏன் இவ்ளோ சின்னதா போட்ட?" என்றார். பெரிய தாள் தீர்ந்துவிட்டது, மாதக் கடைசியில்தான் வரும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை, நீ செய்ததைத்தானே நானும் செய்தேன்.

மாதக் கடைசிக்கு மேல் என்னால் தாள் இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டடிக்கு மூன்றடி படம் சுவரில் ஏறும், அவர் பக்கத்தில் போய் நின்று பார்ப்பார். அதற்கு முன் நீயே அவரிடம் சொல்லிவிடு. அன்றைக்கு டிவி வேண்டாம், போனிலேயே கூப்பிடு. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, முடியை ஒதுக்கிவிட்டுக் கிட்டே வா. நாங்கள் இருவரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு பார்க்கிறோம்.

எங்கிருந்தாலும் உடம்பிலும் மனதிலும் குறையில்லாமல் இரு. தழும்பில் வெயில் படவிடாதே, அரித்தால் சொறியாதே.

கோபம் தீராத,
அம்மா