பனியனில் வந்த பல்கலைக்கழகம்

இந்தாம்மா,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை இப்படித்தான் கூப்பிட்டேன். மடலையும் இப்படியே தொடங்குகிறேன்.

இன்று காலை பீரோவில் சால்வை தேடினேன். பாச்சா உருண்டை வாசத்தோடு அந்த மெரூன் முழுக்கைப் பனியன் கைக்கு வந்தது. நெஞ்சில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பேர், பாதி எழுத்து உதிர்ந்து. நீ மடித்து வைத்த மடிப்பு அப்படியே இருந்தது. அதைப் பிரிக்க மனம் வரவில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதைப் பழந்துணிக் குவியலில் எனக்கென்று எடுத்தது. மார்கழிக் குளிர் வந்ததும் உன் உடைமையாகிவிட்டது. சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு வாசல் தெளித்த உன்னைப் பார்த்து, காலேஜ் போகும் எதிர்வீட்டுப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அத்தை, இந்த எடத்துல சீட்டு கெடைக்கிறது குதிரைக்கொம்பு. நீங்க என்னடான்னா இதப் போட்டுக்கிட்டு சாணி தெளிக்கிறீங்க!"

நேரே உள்ளே வந்து என் போனை நீட்டினாய். "இது என்ன காலேஜுன்னு பாத்துச் சொல்லுங்க." சிமென்ட் ஆலையில் லாரிக்கு எடை போடுகிறவனுக்கு அவ்வளவு இங்கிலீஷ் வரும் என்று உனக்கு ஒரு நம்பிக்கை.

தட்டுத்தடுமாறிப் படித்தேன். கடல் தாண்டிக் குடியேறியவர்கள், நமக்குப் பாதிரியார் வேண்டுமே என்று ஆரம்பித்த சின்னக் கல்லூரி. அந்த நாடு பிறப்பதற்கும் முன்னால் பிறந்தது. "அப்ப நாட்டுக்கே அக்காவா?" என்றாய். ஜனாதிபதிகள் படித்த இடம், உலகத்துப் பிள்ளைகளெல்லாம் ஏங்குகிற இடம் என்றேன். "நம்ம தெருவுல எனக்குத்தான் சீட்டு" என்று பனியனை நீவிவிட்டுக்கொண்டாய்.

அந்தக் கல்லூரிக்கு யார் பேரை வைத்தார்களோ அவருக்கு அங்கே ஒரு சிலை. அவர் முகம் யாருக்கும் தெரியாததால் ஒரு மாணவனை உட்கார வைத்துச் செய்தார்களாம். வருகிறவர்கள் தொட்டுத் தொட்டே ஷூ நுனி பளபளக்கிறதாம்.

"நம்ம ஐயனார மட்டும் யாரு நேர்ல பாத்தா? கும்புடுறதுக்கு மொகம் எதுக்குங்க?" என்றாய்.

அடுத்த வரியில் என் குரல் இறங்கிவிட்டது. இளம் வயதில் காசநோயில் போனவர் அவர். பிள்ளை கிடையாது. புத்தகங்களையும் சொத்தில் பாதியையும் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். விசேஷ வீடுகளில் 'பேர் சொல்ல ஒரு புள்ள இல்லியே' என்று உன்னைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்கள் எல்லாம் ஞாபகம் வந்தார்கள். உன் முகமோ மலர்ந்தது.

"புள்ள இல்லாதவரு பேரா இது? ஒலகமே சொல்லுதா?"

இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னாய். பிறகு கேட்டாய், "அவரு பொண்டாட்டி பேரு என்னங்க?"

தேடினேன். எங்கோ ஒரு மூலையில் இருந்தது.

"பாவம், அவ பேர யாரு சொல்லுவா?" என்றாய். அப்புறம், "நீங்களே என் பேரச் சொன்னதில்ல" என்று சிரித்தாய். உண்மைதான். நீ 'ஏங்க', நான் 'இந்தாம்மா'. நமக்கு அதுவே போதுமாக இருந்தது.

போன ஐப்பசியில் அரியலூர் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தபோது, சீட்டு எழுதிய நர்ஸ் பேர் கேட்டார். சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக் கிடந்தவள் மெல்லத் திறந்து, "தெரியுமா ஒங்களுக்கு?" என்றாய். அந்தக் கேலியோடுதான் போனாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் என்னைக் கேலி செய்ய ஆளில்லை. மனசு உன்னைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

தினமும் கதவைத் திறந்ததும் வாசலைப் பார்த்து உன் பேரைச் சொல்கிறேன். இன்று பனியனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சொன்னபோது கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது போலிருக்கிறது. கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண் நிமிர்ந்தாள்.

"யாரக் கூப்புடுறீங்க, மாமா?"

"ஒங்க அத்தையத்தாம்மா."

"அத்தை பேரு இதுவா? எனக்குத் தெரியாதே!" என்றாள்.

பிறகு கோலமாவுக் கையோடு நின்று, அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.