ஒற்றைக் கோடு

கலைவாணியின் கப்பல் பயிற்சிப் பதிவேடு என் மேசையில் கிடக்கிறது. திறந்தால் டீசல் மணக்கிறது. உங்களுக்குப் பிடித்த மணம், எனக்குத் தலையிடி. ஆனாலும் காலையிலிருந்து அதை மூட மனமில்லை, நண்பரே.

கண்டியில் புடவைக்கடைக்கு மேல்மாடியில் நாம் கப்பல் கெடெட் பயிற்சி வகுப்புத் தொடங்கியபோது சிரிக்காதவர் யார்? "கப்பல கண்டி வாவியிலயா விடப்போறீங்க?" என்று கீழ்க்கடை முதலாளி போகும்போதும் வரும்போதும் கேட்பார். நீங்கள் கப்பலில் அதிகாரியாக இருந்தவர், நான் ஆங்கிலம் கற்பிக்க வந்தவள். ஒரு மலையகப் பிள்ளையையாவது கப்பல் அதிகாரியாக்கிக் காட்டாவிட்டால் கதவை மூடவேண்டியதுதான் என்பது இருவருக்கும் தெரியும்.

கப்பல் மேல்தளத்தில் நின்று காவல் பார்க்கப் பழக்குவதற்குப் பிள்ளைகளைக் கடுகண்ணாவை மலைக்குக் கூட்டிப்போனீர்கள். மூடுபனியில் தெரிவதன் திசையைப் பார்த்த உடனே பதிய வேண்டும். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துக் கலைவாணி ஒரு திசையைப் பிழையாக எழுதிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அடித்தல் திருத்தலுக்கு அடிவாங்கி வளர்ந்தவள் அல்லவா? வீட்டில் உட்கார்ந்து முழுப் பக்கத்தையும் புதிதாக எழுதிக்கொண்டு வந்தாள். நீங்கள் கொதித்துப்போனீர்கள்.

"பிள்ளை, பிழையை ஒளிச்சா கப்பல்ல ஒருத்தரும் உன்னை நம்பமாட்டினம். ஒற்றைக் கோடு இழு. கீழ இருக்கிறது தெரியவேணும். பக்கத்தில கையெழுத்து வை."

"பாவம் சார், புள்ள எவ்வளவு அழகா எழுதியிருக்கு," என்று நான் வக்காலத்து வாங்கினேன்.

"டீச்சர், நீங்கள் சும்மா இருங்கோ!"

அவள் பயிற்சிக்காகக் கப்பலேறிக் கடலில் இருந்தபோதே நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். திரும்பி வந்து வாய்மொழிப் பரீட்சைக்குப் போனாள். பதிவேட்டைப் புரட்டிய பரீட்சகர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாராம். கடற்பனியில் எதிரே வந்த கப்பலின் திசை பிழையாக எழுதப்பட்டிருந்தது. அதன்மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் இவள் கையெழுத்து, கீழே சரியான திசை.

"இந்தப் பக்கத்தாலதான் மத்தப் பக்கமெல்லாம் நம்புறேன்னு சொன்னாங்க டீச்சர்!" என்று படியேறும்போதே கத்தினாள்.

நேற்று அதிகாரிச் சீருடையில் வந்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கீழ்க்கடை முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து என்னிடம் கேட்டார்: "எங்க பேத்திய எப்ப சேக்கலாம்?"

நாம் வென்றுவிட்டோம் சார். கதவு திறந்தே இருக்கிறது.

இந்த மடலை 'மறைந்த நண்பருக்கு' என்றுதான் தொடங்கியிருந்தேன். இப்போது முதற்சொல்லின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் என் கையெழுத்தை வைத்திருக்கிறேன்.