மீசை கொட்டாது

மாமா,

ரசஞ்சோறு மூடி வெச்சிருக்கேன். தர்மன் அண்ணன் உன்னைப் பார்க்க வருவாரு. கோயில் இட்லி வாங்கினு வந்தா அவரையே சாப்பிடச் சொல்லு, அது பூரா நெய்யி.

நேத்து போட்ட ஹார்மோன் ஊசி பித்தக் குழாயைத் தளர்த்தி வலியைத்தான் நிறுத்திச்சு. கல்லு அங்கேயேதான் இருக்குது. வலி நின்னதும் காலாட்டிக்கினு "ஆபரேஷன் வேணாம்"னியே, அதான் காலையில நான் பேசல.

தேதி வாங்க ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஆட்டோ சாவி என் பையில இருக்குது, தேடாதே.

துர்கா

காலையிலருந்து கண்ணாடியில மீசையைத் தடவிக்கினு இருக்கியே, ஹார்மோன்னா பொம்பளைங்க மருந்துன்னு பயமா? நர்சுக்கு போன் போட்டுக் கேட்டுட்டேன். கொட்டாதாம், அந்தம்மா ஒரே சிரிப்பு.

கொட்டினாலும் உன்கூட குடும்பம் நடத்துவேன் மாமா. அந்தக் கல்லுகூட நடத்த மாட்டேன்.