உப்பு வெள்ளையாக வந்த வாரம்

ஜூன் 9, திங்கள்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. ஜன்னல் விளிம்பெல்லாம் செம்மண். இரண்டு முறை துடைத்தாயிற்று.

பத்து மணிக்கு முத்துக்கனி. முன்பு என் வீட்டு மாடியில் குடியிருந்தவள். இந்த வருஷம் ஆறு பெண்களாகச் சேர்ந்து உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். முதலாளி இல்லாமல் முதல் தடவை. கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் மொத்த உப்பையும் எடுத்துக்கொள்வதாக இருந்தார். இவர்கள் செல்போனில் எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குகிறாராம். உப்பு சாம்பல் நிறமாம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நல்ல வீடியோ வரலன்னா வேற எடம் பாத்துக்கிடுவேங்காரு. யக்கா, நீங்கதான் பெரிய கேமரா வச்சிருக்கியளே."

பெரிய கேமரா இல்லை. இருப்பதிலேயே விலை குறைந்த மாடல். அதை அவளிடம் சொல்லவில்லை. நாளை வருகிறேன் என்றேன்.

எடுத்து வைத்தவை: பேட்டரி 2, கார்டு (காலி), ஸ்டாண்டு, பஞ்சுத் துணி, தொப்பி, எலுமிச்சைச் சாறு.

லென்ஸ்: ஐம்பது மி.மீ. மட்டும். கேமராவோடு வந்த பதினெட்டு-ஐம்பத்தைந்தை, அகலமாகவும் கிட்டத்திலும் எடுப்பதை, பீரோவிலேயே விட்டேன். கேமராக் கடைக்காரன் செல்வின் சொன்னது: "ஐம்பது போட்டா பின்னால எல்லாம் மங்கி, சினிமா மாதிரி வரும் ஆச்சி."

ஜூன் 10, செவ்வாய்

வெயில் கொடூரம். திரையில் ஒன்றுமே தெரியவில்லை. முந்தானையைத் தலையோடு கேமராவுக்கும் போர்த்திக்கொண்டு பார்த்தேன்.

முத்துக்கனி, அடுத்த பாத்தியில் இருந்தவளிடம்: "ஏளா செல்வி, அக்கா முக்காடு போட்டிருக்காவ. மாப்ள வீட்டுக்காரங்க யாரும் வாராங்களா பாரு."

ஐம்பதில் பாத்தி முழுசாக அடங்கவில்லை. பின்னால் போனேன். இன்னும் பின்னால். இடது கால் தண்ணீர்ப் பாத்திக்குள். செருப்பு போயிற்று. கேமராவை விடவில்லை.

வெளிச்சத்தைக் காட்டும் முள்ளை ஒவ்வொரு காட்சிக்கும் நேர் நடுவில் நிறுத்தினேன். ஒரு இழை கூட விலகவில்லை. திருப்தி.

ஜூன் 11, புதன்

திருப்தியாவது.

டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். உப்பு அம்பாரம் சிமெண்டு மூட்டையைக் கொட்டியது போல. முத்துக்கனி வாருபலகையால் இழுக்கும்போது உடம்பு வெட்டி வெட்டி நகர்கிறது.

"நான் என்ன சாமியா ஆடுதேன்?" என்றாள். சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "போன்ல எடுத்ததும் இப்படித்தாம்க்கா இருந்துச்சு. ஒருவேள நம்ம உப்பே இப்படித்தானோ?"

டி.வி.யை அணைத்தேன். ஆறு மாதம் கால் வெடித்து வேலை செய்தவள் தன் உப்பையே சந்தேகப்படும்படி செய்திருக்கிறேன்.

மதியம் சாப்பிடவில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த மேஜை விரிப்பைக் கேமராவால் எடுத்தேன், முள் நடுவில். சாம்பல். கறுப்புக் குடையை எடுத்தேன், முள் நடுவில். அதுவும் சாம்பல். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெள்ளையைக் காட்டினாலும் கறுப்பைக் காட்டினாலும் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத்தான் இந்த இயந்திரம் நியாயம் என்று நினைக்கிறது. அதற்கு வெள்ளை என்றால் என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும்.

கான்வென்டில் சிஸ்டர் எஸ்தர் எல்லாவற்றையும் நடுவில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். எழுத்து, வகிடு, மேஜைப்பூ. அறுபது வருஷம் கழித்து முதல் தடவையாகக் கீழ்ப்படியவில்லை. முள்ளை வலப்பக்கம், வெளிச்சம் கூடும் பக்கம், ஒன்றரைக் கோடு தள்ளினேன். விரிப்பு வெள்ளையாக வந்தது. மடிப்பும் தெரிந்தது.

வெட்டி வெட்டி வந்ததற்கும் காரணம் புரிந்தது. வெயிலுக்குப் பயந்து ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மேலே ஏற்றியிருந்தேன்; ஒவ்வொரு படமும் தனித்தனியாக உறைந்துவிடும். ஐம்பதில் ஒன்று வைக்க வேண்டும். வைத்தால் எல்லாம் வெளுத்துப் போகும். வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸின் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

சாயங்காலம், பீரோவில் விட்ட லென்ஸோடு செல்வின் கடை. "அந்தப் பழைய லென்ஸுக்கா ஆச்சி? அது எதுக்கும் ஆகாது." மங்கிய பின்னணி எனக்கு வேண்டாம் தம்பி, பின்னால் இருப்பதும் உப்புதான் என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

ஜூன் 12, வியாழன்

பதினெட்டில் பாத்தி முழுவதும், வரப்பு, அம்பாரம், ஆறு பேர், வானம். ஐம்பத்தைந்தில் முத்துக்கனியின் கை. கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஷட்டர் ஐம்பதில் ஒன்று.

ஒரு சந்தேகம் உறுத்தியது. முள்ளைத் தள்ளுவது பொய்யா? கையில் கொஞ்சம் உப்பு எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முந்தானைக்குள் இரண்டும் ஒரே வெள்ளை. பொய் இல்லை.

வீட்டில் மூன்று நிமிஷப் படமாக வெட்டி ஒட்டினேன். பாட்டு கிடையாது. பலகை உரசும் சத்தம் போதும்.

முத்துக்கனி இரண்டு தடவை பார்த்தாள். "யக்கா, இதுதான் எங்க உப்பு" என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

ஜூன் 13, வெள்ளி

9.10க்கு அனுப்பினாள். 11.40க்கு வியாபாரியின் போன். மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறார். திங்கள் லாரி.

"எந்த ஸ்டுடியோவுல எடுத்தீங்க?" என்று கேட்டாராம்.

"ஸ்டுடியோ இல்ல, எங்க அக்கா. எழுவத்தோரு வயசு."

நம்பவில்லையாம். நம்ப வேண்டாம். உப்பை நம்பினால் போதும்.

வடை, பாயசம். தனியாகத்தான். ஆனால் வெள்ளித் தட்டில்.

ஜூன் 15, ஞாயிறு

பக்கத்து உப்பளத்துக்காரர் காரோடு வந்தார். முத்துக்கனியின் வியாபாரிக்கே அவரும் உப்பு விற்க வேண்டுமாம். "அவளுக்கு எடுத்த மாதிரியே எனக்கும் எடுங்க."

போனேன். அதே லென்ஸ், அதே கண்ணாடி, முள் அதே ஒன்றரைக் கோடு. அவர் ஆட்கள் அவசரத்தில் அடிமண்ணோடு வாரிவிட்டிருக்கிறார்கள். அங்கேயே திரையில் காட்டினேன்.

"என்ன ஆச்சி, கலங்கலா இருக்கு? அவளுக்கு வெள்ளையாக்கினியளே. இன்னுங் கொஞ்சம் தள்ளுங்க."

"அவள் உப்பை நான் வெள்ளையாக்கவில்லை. முதலில் உங்கள் உப்பைக் கழுவுங்கள், பிறகு வருகிறேன்" என்று சொல்லி லென்ஸ் மூடியைப் போட்டேன்.