உளிக்குறி போட்ட விசிறி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், குழந்தைக்குச் சளி விட்டதா என்று எழுது. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று அப்பா உன்னிடம் போனில் சொன்னாராமே, அது பச்சைப் பொய். அவர் வாயைத் திறக்க மாட்டார், நான் சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும், அதனால்தான் இந்தக் கடிதம்.

துறைமுகத்தை அகலப்படுத்துகிறார்கள், நம் வார்ப்புப் பட்டறையை இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தேன். உற்பத்தித் தொழிலுக்கும் கடல் தொழிலுக்கும் கைகொடுக்கிறோம் என்று மாநில அரசு திட்டம் போட்டு, புதுத் தொழில் வளாகத்தில் இடம் தருகிறார்களே, அதற்கு அப்பா விண்ணப்பம் போட்டார். தொழில் துறைக்குப் போனால், படகுக்கு அடியில் சுழலும் விசிறி கடல் சாமான், கடல் துறைக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால், உலை வைத்திருக்கிறீர்கள், தொழில் துறைக்குப் போங்கள் என்றார்கள். இரண்டு ஆபீசும் ஒரே கட்டடத்தில், நடுவில் மாடிப்படி மட்டும்தான். ஏறி இறங்கி உன் அப்பாவுக்கு முட்டிவலி வந்ததுதான் மிச்சம். கடைசியில் திட்ட அதிகாரி ஒருவர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். வாங்கிய நாலாம் நாள், கண்காட்சியில் வைக்க விசிறி ஒன்று பளபளப்பாக வேண்டும், உடனே வேண்டும் என்று ஆள் அனுப்பினார்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். வார்த்ததில் விரிசல் விழுந்தால் அப்பா அதன் இறக்கைகள் சேரும் நடுக்குடத்தில் உளியால் பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளிவிடுவார், அடுத்த முறை உலை மூட்டும்போது உருக்கிவிடுவோம், உனக்குத் தெரிந்த வழக்கம்தான். அன்று அப்பா வெளியூர் போயிருந்தார், நல்ல விசிறிகளை எல்லாம் படகுக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். பார்க்கத்தானே கேட்கிறார்கள் என்று குறி போட்ட ஒன்றை நானே தேய்த்து மெருகேற்றிக் கொடுத்துவிட்டேன். இது ஓட்டுவதற்கு இல்லை, பார்வைக்கு மட்டும் என்று வந்தவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன், சரிம்மா சரிம்மா என்று தலையை ஆட்டினான்.

புது ரோந்துப் படகை மந்திரி கடலில் இறக்கும் நாள் வந்தது. முழுக்க உள்ளூர்ச் சாமான்களால் செய்த படகு என்று ஒலிபெருக்கியில் ஒரே பெருமை. வர வேண்டிய விசிறி வந்து சேராததால், அளவு பொருந்துகிறது என்று கண்காட்சி மேசையில் இருந்ததை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். ஒரு மடையனுக்கும் அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. சரிவில் நின்ற படகைச் சுற்றிப் பார்க்கப் போன அப்பா தன் உளிக்குறியைப் பார்த்துவிட்டு, இது பழுது, தண்ணியில விடாதீங்க என்று அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டார். அதிகாரி அவரை ஓரமாக இழுத்து, இன்னிக்கு ஒரு நாள் ஓடட்டும், நாளைக்கு மாத்திடலாம், உங்க விண்ணப்பம் என் மேசையிலதான் இருக்கு என்றாராம். ஒரு நாள்தான்னு விரிசலுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டு, அப்பா ஸ்பேனரை வாங்கித் தானே கழற்றிவிட்டார். ஏறுவதற்கு ஐந்து பேர் தயாராக நின்றார்கள், ஐந்து பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். நகராமல் நின்ற படகுக்கே மந்திரி கொடியசைத்துவிட்டுப் போய்விட்டார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. தன் தயாரிப்பு பழுதானது என்று பலர் முன்னிலையில் தானே ஒப்புக்கொண்டபடியால் விண்ணப்பதாரருக்குத் தகுதி இல்லையாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பழுதை மாட்டியவன் நாற்காலியில் இருக்கிறான், பழுது என்று சொன்னவர் தெருவுக்கு வர வேண்டுமாம், இது எந்த ஊர் நியாயம்? அப்பா அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கொடுத்தது என் கையல்லவா.

நேற்று அவருக்குத் தெரியாமல் அந்த ஆபீசுக்குப் போனேன். பழுதென்று தெரிந்தே கொடுத்தவள் நான், ஓட்டாதே என்று சொல்லித்தான் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். இதைப் பதிவு பண்ணினா யார் மாட்டினாங்கன்னு கேள்வி வரும்மா என்றார் அந்த அதிகாரி. வரட்டும்னுதான் எழுதியிருக்கேன் என்றேன். சாயங்காலம் வரை நகர்ந்து கொடுக்காமல் உட்கார்ந்து, முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். இடம் கிடைக்குமா என்று தெரியவில்லை, இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தெரிந்த பெரிய மனிதர்களிடம் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்காதே, நாங்கள் யார் காலிலும் விழுவதற்கில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அந்த முத்திரை குத்திய நகலை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வை. ஆபீசில் இருக்கும் என் காகிதம் ஒருநாள் காணாமல் போகும், அது எனக்கு இப்போதே தெரியும். அன்றைக்கு நான் கேட்பேன், நீ அனுப்பு.

என்றும் உன் நலம் நினைக்கும்
அம்மா