சடை பின்னும் கை

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் பயப்படாதீர்கள், இங்கே எல்லோரும் சுகம். ஒன்பது வருஷமாக வராத கடிதம் திடீரென்று வந்தால் யாருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். உங்கள் தங்கை எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் மருமகளுக்கு ஏழு வயது. முன்பற்கள் இரண்டும் விழுந்தும் வாய் குறையவில்லை. என் அப்பா எங்களோடுதான் இருக்கிறார். காது மந்தம், தன்னைப் பற்றிப் பேசினால் மட்டும் நன்றாகக் கேட்கும். நான் அதே லேத் பட்டறையில்தான்.

சொல்ல வந்தது வேறு. உங்கள் தங்கை ஒரு படம் வரைந்திருக்கிறாள். பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் பூவும் பறவையும் வரைந்து கொடுப்பாளே, அது இல்லை. இது கதவை விடப் பெரியது. ஏழு மாதம் பின்னறையில் வைத்து வரைந்தாள். எழுந்து வரும்போது படுக்கை விரிப்பால் மூடிவிடுவாள். நானும் கேட்கவில்லை. சில சமயம் சமையலறையில் நின்று எங்களை உற்றுப் பார்ப்பாள். என்ன சாமான் தீர்ந்துபோச்சோ என்று நினைத்துக்கொள்வேன்.

போன சனிக்கிழமை ஓவியக்கூடத்தில் அதை மாட்டினார்கள். குடும்பத்தோடு போனோம்.

எங்கள் சமையலறைதான், மச்சான். காலை ஏழரை மணி. பால் பொங்கி அடுப்பில் வழிகிறது, யாரும் கவனிக்கவில்லை. அப்பா பனியனோடு உட்கார்ந்து, காம்பு உடைந்த மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் பிடித்தபடி பேப்பர் படிக்கிறார். முக்காலியில் மகள், ஒரு காலில் மட்டும் சாக்ஸ். அவள் பின்னால் நான், சீப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு சடை பின்னுகிறேன். ஜன்னல் வெளிச்சம் முழுக்க என் வலது கையில் விழுகிறது. மெஷினில் இரண்டு விரல் போன அந்தக் கையில்.

நான் பெண் கேட்டு வந்த அன்று அந்தக் கையைப் பார்த்து நீங்கள் கேட்டதை இங்கே எழுதவில்லை. மகள் பிறந்த பிறகு அதன் நியாயம் எனக்கே புரிந்தது. ஆனால் அன்றிலிருந்து வெளியே போனால் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விடும். அதை ஊரே பார்க்கும்படி மாட்டியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு முகம் சுட்டது. என்னைக் கேட்காமல் எப்படி வரைந்தாய் என்று அவள் காதோரம் கடிந்துகொண்டேன். “கேட்டிருந்தா மறைச்சிருப்பீங்க” என்றாள்.

அதற்குள் அப்பா, “பனியன் ஓட்டையைக்கூட விட்டுவைக்கலையே மருமக!” என்று உரக்கச் சொல்ல, கூட்டம் சிரித்தது. மகள் முன்னால் ஓடி, “இது எங்கப்பா கை! ரெட்டைச் சடைகூடப் போடும்!” என்று கூவினாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வயதான அம்மா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, மறுபடியும் படத்துக்கு அருகே போய் நின்றார். என் கை எப்போது வெளியே வந்தது என்று தெரியவில்லை. பார்த்தால் மகள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் படத்தை நிதானமாகப் பார்த்தேன். எப்படிச் சொல்வேன்! அந்த வீட்டில்தான் நானும் இருக்கிறேன். பால் நுரையில் அத்தனை நிறம் இருப்பது எனக்குத் தெரியாது. அப்பாவின் பிடரி அப்படியே என் பிடரி என்று தெரியாது. மகள் வலித்து முகம் சுளித்தாலும், தலையை என் பக்கம்தான் சாய்த்திருக்கிறாள். அதுவும் தெரியாது. இதையெல்லாம் பார்த்த ஒருத்திதான் தினமும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உடம்பு சிலிர்த்துவிட்டது, மச்சான்.

படத்தில் சுவரோரம் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. அதில் தூரிகையும் கையுமாக அவள். ஆண்கள் போடும் நீலக் கோட்டுச் சட்டை, பாக்கெட்டில் மைக்கறை. வரையும்போது அதைத்தான் போடுவாள். நைந்துபோயும் தூக்கிப்போட விடமாட்டாள். யாருடையது என்று நான் கேட்டதே இல்லை. அந்த வயதான அம்மா கேட்டார். “எங்கண்ணன் சட்டை” என்றாள். அவ்வளவுதான். அப்புறம் யார் உள்ளே வந்தாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மாதக் கடைசிவரை படம் அங்கே இருக்கும். ஒருமுறை வந்து பாருங்கள். பழையதைப் பேச வேண்டாம். அதன் முன்னால் நின்றால் பேச்சும் வராது. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். இப்படி எழுதியிருப்பதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே சாப்பிடாமல் காத்திருக்க ஆரம்பித்துவிடுவாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்