மார்கழிக்கு ஒரு ஆட்டுக் கொட்டில்

மச்சான், உம்மாவைப் பார்க்க ஏரல் போகிறேன். கருவாட்டுக் குழம்பு அடுப்படியில் இருக்கிறது.

“மார்கழிக் குளிரைக் குட்டிகள் தாங்காது, எல்லாத்தையும் வித்துரலாம்” என்று நீங்கள் வரச்சொன்ன வியாபாரி அண்ணாச்சி பகலில் வருவார். ஆடு விற்பனைக்கு இல்லை என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள். கொட்டில் கட்டி முடித்துவிட்டேன். மூன்று பக்கம் தார்ப்பாய், தரையில் கனமாக வாழைச்சருகு.

“ஏளா, ஆட்டுக்கு மாளிகை கட்டுதியோ?” என்று பக்கத்து வீட்டு ஃபர்ஹத் கேட்டாள். “ஆமாளா, பால் காய்ச்ச ஒன்னயும் கூப்பிடுதேன்” என்றேன்.

கூரைக்கடியில் ஒரு சாண் இடைவெளி விட்டது மறந்துபோய் இல்லை. மூத்திர வாடையும் ஈரமும் வெளியேறாவிட்டால், குளிரைவிட அதுதான் குட்டிகளைக் கொல்லும். அது தெரியாமல் விடியுமுன் யாரோ அங்கே துபாய்க் கம்பளியைத் திணித்திருக்கிறார்கள். இந்த வீட்டில் கம்பளி போர்த்தித் தூங்கும் ஆள் ஒருவர்தான்.

உருவித் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். இன்னொரு தடவை திணித்தால் கம்பளி குட்டிகளுக்குத்தான்.

ஜுலைகா

பி.கு.: கம்பளி விஷயத்தை ஃபர்ஹத்திடம் இன்னும் சொல்லவில்லை. வியாபாரி வெறும் வண்டியோடு திரும்பினால் சொல்லவே மாட்டேன்.